மதினி மாட்டச் சொன்ன சைலன்சர்

அண்ணனுடைய லாரி பழனி ரோட்டிலிருந்து எங்கள் தெருப் பக்கம் திரும்பும்போது அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுக்கும். அதற்கும் முன்னாலேயே, வண்டி எங்கோ தொலைவில் வந்துகொண்டிருக்கும்போதே, மதினி எழுந்து அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவார். முதல் தோசையைத் திருப்பிப் போடும் நேரத்துக்கு வண்டி வாசலில் வந்து நிற்கும். டெலிபோன் வைத்திருந்த வீடுகளில்கூட இவ்வளவு சரியாகத் தகவல் வராது என்று நான் கேலி பேசுவேன். உங்க அண்ணன் ஊரைக் கூட்டிக்கிட்டுத்தான் வருவாரு என்று மதினியும் சிரிப்பார். அந்தச் சத்தத்தை அவர் அப்போது வெறுக்கவில்லை. எங்களில் யாரும் வெறுக்கவில்லை. அண்ணன் வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் எங்களுக்கு அடையாளம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. லாரிக்குச் சொந்தக்காரரும் டிரைவரும் அண்ணன்தான். பெரும்பாலான நாட்களில் நான் அவரோடு கூடப் போகிறவன். கிளீனர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெண் தேடிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளையைக் கிளீனர் என்றால் எவன் பெண் கொடுப்பான்? ஆனால் நான் செய்த வேலை அதுதான். மூட்டைகளைச் சரிபார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, வண்டி பின்னால் வரும்போது வால் பக்கம் நின்று வழி சொல்வது. மதினி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் பஸ் எங்கள் தெருமுனைக்கு வரும், சீருடைக் கோட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டே ஓடுவார். ஷிப்டு முடிந்து வந்து எங்கள் இருவருக்கும் சமைத்துப் போட்டதும், எனக்குப் பெண் பார்க்க ஊர் ஊராக அலைந்ததும் அவர்தான். பேச்சு குறைவு. பேசினால் அதற்குப் பிறகு நாம் பேச ஒன்றும் இருக்காது.

எங்கள் பிழைப்பு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பி இருந்தது. அங்கே கத்தரிக்காயும் தக்காளியும் முருங்கையும் ஏற்றி, செம்பட்டி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் என்று போய், குமுளி மலை ஏறிக் கேரளத்தில் இறக்க வேண்டும். வண்டி பல கை மாறி வந்த டர்போ வண்டி. டர்போ என்றால், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சின்ன விசிறி சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் ஏற்பாடு. புகை வெளியே போக வழி தாராளமாக இருந்தால்தான் அந்த விசிறிக்கு உற்சாகம். எங்கள் வண்டியிலோ பைப் ஒல்லி, சைலன்சர் உள்ளுக்குள் கரி பிடித்து அடைத்துக் கிடந்தது. சமதரையில் நன்றாகத்தான் ஓடும். மலையைக் கண்டால் போதும், கறுப்புப் புகையைக் கக்கிச் சூடேறி, பாதி ஏற்றத்தில் ஓரங்கட்ட வேண்டியிருக்கும். எங்களுக்குப் பின்னால் கிளம்பிய வண்டிகள் ஹாரன் அடித்து நலம் விசாரித்துக்கொண்டு போகும். கேரளத்து வியாபாரி கறாரானவர். சந்தை திறக்கும் முன்னால் சரக்கு வரவில்லை என்றால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. சத்தம் இருந்தால்தான் இழுவை இருக்கும் என்பார்கள். அமைதியாகப் போகிற வண்டியைச் சோம்பேறி என்பார்கள். டீக்கடையில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் வண்டியின் சத்தத்தை இன்னொருவர் மெச்சிக்கொள்வார், பிள்ளையின் படிப்பை மெச்சுகிற மாதிரி. அண்ணனுக்கும் அவர்கள்தான் வைத்தியம் சொன்னார்கள். சைலன்சரின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்த தட்டுகளையும் துளைக்குழாயையும் வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூடாக மூடினார்கள். பைப்பைக் குட்டையாக வெட்டி, டிரைவர் கதவுக்குக் கீழேயே வலது பக்கம் திருப்பிவிட்டார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், வண்டி இழுத்தது. அன்றைக்குக் குமுளி மலையில் எங்களை எப்போதும் முந்துகிற வண்டிகளை நாங்கள் முந்தினோம். வளைவுக்கு வளைவு அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். அடுத்த சில மாதங்களில் ஒரு லோடுகூடப் பிந்தவில்லை.

வண்டிக்கு வந்த பேரும் சாதாரணப் பேர் இல்லை. எரியோட்டுப் பக்கம் போனால் வயலில் நிற்கிற மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். புதிய டிரைவர்கள் குனிந்து பைப்பைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதற்கிடையே வீட்டில் அண்ணனின் குரல் மெதுவாக ஏறத் தொடங்கியது. மோர் கேட்பதென்றால்கூட அடுத்த தெருவுக்கும் சேர்த்துக் கேட்பார். நான்கு காசு பார்த்ததும் மனுசனுக்கு மிடுக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எதையாவது கேட்டால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார். அதையும் மிடுக்கின் கணக்கிலேயே எழுதினேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரியைக் கடையோடு ஒட்டி நிறுத்துவது தனிக்கலை. சந்து குறுகல், இரண்டு பக்கமும் தக்காளிப் பெட்டியும் சாக்கும் அடுக்கியிருக்கும், நடுவில் லோடுமேன்கள் தலைச்சுமையோடு குறுக்கே போவார்கள். டிரைவருக்குக் கண்ணாடியில் பாதிதான் தெரியும். மீதியை வால் பக்கம் நிற்கிறவனின் கைதான் சொல்ல வேண்டும். லாரியின் உடம்பில் உள்ளங்கையால் விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம் என்று பொருள். ஓங்கி ஒரே தட்டு என்றால் நில். எல்லா வண்டிக்கும் இதே வழக்கம்தான். கடைத்திட்டுக்கும் வண்டிக்கும் நடுவே நிற்கிறவன் அந்த ஒரு தட்டை நம்பித்தான் நிற்கிறான்.

ஒரு நாள் மத்தியானம் நான் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி நிற்கவில்லை. மறுபடி தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன். முதுகில் கடைத்திட்டு இடித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது, பக்கத்துச் சாக்குமேல் ஏறி விழுந்தேன். நான் நின்ற இடத்தில் இருந்த தக்காளிப் பெட்டிகள் நொறுங்கிச் சாறு என் காலடி வரைக்கும் ஓடி வந்தது. லோடுமேன்கள் கத்திய கத்தில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கி ஓடி வந்து, பயத்தில் என்மேலேயே பாய்ந்தார்.

"ஏலே, தட்டித் தொலைய வேண்டியதுதானே?"

நான் கையை விரித்துக் காட்டினேன். இரண்டு உள்ளங்கையும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன. அதைப் பார்த்தார். தார்ப்பாயைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். கேரளம் போய்த் திரும்பும் வரையிலும் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் சாப்பிடும்போது மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனைப் பற்றிப் புகார் சொல்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். மதினி கரண்டியை வைத்துவிட்டு என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மில்லுல நாங்க எல்லாரும் வாயத்தான் தம்பி பாப்போம். அந்த இரைச்சல்ல வேற வழி கிடையாது. இவரு வீட்டுக்குள்ள எதுக்கு என் வாயப் பாக்குறாரு?"

அண்ணன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை மரியாதை என்றும், பார்க்காதபோது பதில் சொல்லாததை மிடுக்கு என்றும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். மதினி மில்லில் பார்க்காத செவிடா? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கையாலும் உதட்டாலும் பேசிப் பழகிய கூட்டம் அது. அவரோடு வேலைக்குச் சேர்ந்த தோழி ஒருத்தி, பஞ்சு வைத்தால் தலை அரிக்கிறது என்று வைக்காமலே இருந்து, குழந்தை அழுவது கேட்காத நிலைக்கு வந்துவிட்டாளாம். காது ஒரே நாளில் போகாது, ஒவ்வொரு ஆளின் குரலாகப் போகும் என்றார் மதினி. வீட்டில் முதலில் போனது அவருடைய குரல்தான். மெல்லப் பேசுகிறவர் அவர் ஒருவர்தானே.

அண்ணனிடம் கேட்டால் ஒப்புக்கொள்வாரா? காதில் அழுக்கு சேர்ந்திருக்கும், மலைக் குளிர் அடைத்திருக்கும், தம்பி தட்டியதில் வலு இல்லை என்று அடுக்கினார். ஒரு டிரைவரிடம் உனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வது, வண்டியை விட்டு இறங்கு என்று சொல்வதுதான். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வாதம் முடிகிற மாதிரி இல்லை. மதினியும் மேற்கொண்டு வாதாடவில்லை.

அடுத்த லோடுக்குக் கிளம்பும் காலையில்தான் அது நடந்தது. எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் வண்டி நிற்கும். வெளியே எடுக்க வேண்டுமானால் பின்னால் வந்து திருப்ப வேண்டும். பின்னால் பக்கத்து வீட்டுக்காரரின் புதுச் சுவர். வழக்கம்போல நான் போய்ச் சுவரோரம் நின்றேன். எஞ்சின் உறுமியது. மில்லுக்குப் புறப்பட்டு நின்ற மதினி, சாப்பாட்டுத் தூக்கை வாசல்படியில் வைத்துவிட்டு நேராக வந்தார். என் தோளைப் பிடித்து நகர்த்தினார். சுவருக்கும் லாரிக்கும் நடுவே, நான் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு வண்டியைத் தட்டத் தொடங்கினார்.

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டித் தள்ளிப் போ என்று கையை ஆட்டினார். மதினி நகரவில்லை, வாங்க என்று கையைக் காட்டினார். வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. அதற்குமேல் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அண்ணன் இறங்கி வந்தார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"நீ நிக்கிற எடத்துல என்னால வண்டி எடுக்க முடியல, புள்ள."

"தம்பி நின்னா மட்டும் எடுப்பீகளா?"

அந்த ஒரு கேள்விக்காக மதினிக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் தகும். அதுவரை அந்த இடத்தில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அது நிற்கக் கூடாத இடம் என்று எனக்கே தோன்றியதில்லை. அண்ணன் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் எனக்குப் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும். வலது காதில் பல மாதமாகக் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் கேட்கிறது, அதைத் தாண்டி எதுவும் உள்ளே வருவதில்லை என்றார். அன்றைக்கு லோடு எடுக்கப் போகவில்லை. மதினியும் மில் பஸ்ஸை விட்டுவிட்டார்.

காது டாக்டர் பார்த்துவிட்டு, வலது காதில் போனது போனதுதான், திரும்பாது என்றார். இடது காது இன்னும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் இதே சத்தத்தோடு ஓட்டினால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். பழைய மாதிரியே பைப்பும் சைலன்சரும் வாங்கி மாட்டிவிடலாம் என்றேன் நான். மாட்டினால் மலை ஏறாது, மலை ஏறாவிட்டால் லோடு இல்லை. அண்ணன் சாவியை அலமாரிமேல் வைத்துவிட்டு நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக் கிடந்தார். வண்டியைத் தவிர வேறு தொழில் தெரியாத மனுசர். யாராவது வீட்டுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

மதினி எங்கள் இருவரையும் கிளப்பி, லாரிகளுக்குப் பைப் வேலை செய்கிற பட்டறைக்குக் கூட்டிப்போனார். மதுரை ரோட்டில் இருந்த அந்தப் பட்டறைக்குள் அதற்கு முன் ஒரு பெண் வந்திருப்பாரா என்பது சந்தேகம். மேஸ்திரி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மதினி உட்காரவில்லை. இழுவையும் வேண்டும், சத்தமும் கூடாது, அப்படி ஒரு சைலன்சர் உண்டா என்று கேட்டார். தாராளமாக உண்டு என்றார் மேஸ்திரி. டர்போவிலிருந்து வால் வரைக்கும் ஒரே அகலத்தில் பருமனான பைப், மடங்கி ஒடுங்காத வளைவுகள், பெரிய வண்டிக்குப் போடுகிற சைலன்சர், அதிராமல் இருக்க ரப்பர் பிடிப்பு. வழி அகலமாக இருந்தால் புகை தானாகப் போகும், அதற்குக் கூச்சல் போட வேண்டிய அவசியமே இல்லை. இம்புட்டு நாளாக இதை ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. மேஸ்திரி சிரித்தார்.

"செய்யலாம். யாரு கேக்குறா? வாரவுக எல்லாம் சத்தம் வேணும்னுதான் வாராக."

"நான் கேக்குறேன்," என்றார் மதினி.

வேலை நடந்த நாட்களில் ஷிப்டு முடிந்ததும் மதினி மில் பஸ்ஸிலிருந்து பட்டறை வாசலில் இறங்கிவிடுவார். புகை வாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் பெரிய யோசனை. வலது பக்கம் முன்னால் என்றால் அண்ணனின் காது. இடது பக்கம் என்றால் ரோட்டோரம் சைக்கிளில் போகிற மில் ஆட்கள்மேல் அடிக்கும். நேராகப் பின்னால் விட்டுவிடலாம் என்றார் மேஸ்திரி. அது தட்டுகிற தம்பியின் மூஞ்சியில் அடிக்கும் என்றார் மதினி. கடைசியில் பின்சக்கரத்துக்கும் பின்னால் கொண்டுபோய், வலது பக்கம் சாய்த்துத் தரையைப் பார்த்து வளைத்தார்கள். என் மூஞ்சியைப் பற்றி அதுவரை எவரும் அவ்வளவு கவலைப்பட்டதில்லை, பெண் கொடுக்க மறுத்தவர்களைத் தவிர.

யாரோ கேட்ட செங்கல் லோடை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்கு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். மதினி எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முதல் வளைவிலேயே அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. இழுக்கலையே, இழுக்கலையே என்று புலம்பிக்கொண்டு வந்தார். சத்தத்தை வைத்தே இழுவையை அளந்து பழகியவருக்குச் சத்தம் இல்லாத வண்டி ஓடாத வண்டியாகவே பட்டது. முன்னால் போன ஒரு லாரியை முந்தினோம், அப்போதும் இழுக்கலையே என்றார். நாம முந்துன வண்டி நின்னுக்கிட்டா இருந்துச்சு என்று மதினி கேட்டார். சாதாரணக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் கேட்டார். இல்ல, அவனும் ஏறிக்கிட்டுத்தான் இருந்தான் என்று அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். மதினியின் வாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதினி என் பக்கமாகத் திரும்பிச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. நானும் வெளியே பார்த்தேன், அங்கே பார்க்க வாழைமரம் தவிர ஒன்றும் இல்லை.

இதெல்லாம் முடிந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இப்போது வருகிற லாரிகள் பக்கத்தில் வரும் வரைக்கும் வருவதே தெரிவதில்லை. பின்னால் நகரும்போது வண்டியே கூவிக் கூவி ஆளை விலகச் சொல்கிறது. அண்ணன் அதற்குப் பிறகும் பல வருடம் அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டே மலை ஏறி இறங்கினார். இன்றைக்கும் வெளியே போனால் மதினி அவருக்கு இடது பக்கமாகத்தான் நடப்பார். தெரியாதவர்கள் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொள்வார்கள். மில்லையும் லாரியையும் விட்டுவிட்டு இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மதினி என்றதும் எனக்கு முதலில் வருவது, புது சைலன்சரோடு நாங்கள் லோடு எடுக்கப் போன அந்த முதல் மத்தியானம்தான்.

மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு மதினியும் வண்டியில் ஏறிக்கொண்டார். குமுளி வரைக்குமா வருகிறீர்கள் என்று கேட்டேன், மார்க்கெட் வரைக்கும்தான் என்றார். ஒட்டன்சத்திரத்தில் அதே கடை, அதே சந்து. நான் இறங்கி வால் பக்கம் போவதற்குள் மதினி முந்திக்கொண்டு போய், கடைத்திட்டில் முதுகு படுகிற மாதிரி நின்றுவிட்டார். லோடுமேன்கள் சுமையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏனுங்க, அம்மா எதுக்குங்க அங்க நிக்கிறாங்க என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முன்னால் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் செத்த நேரம் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. இடது காதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டார்.

மதினியின் கை வண்டியைத் தட்டிக்கொண்டே வந்தது. அவசரமே இல்லாத தட்டு. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. எனக்கோ ஓடிப்போய் அவரை இழுத்துவிடலாமா என்று கால் துடித்தது. ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கிற இடைவெளி வந்ததும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

வண்டி நின்றது.

"கேட்டுச்சு புள்ள," என்றார் அண்ணன். கத்தவில்லை. வீட்டுக்குள் பேசுகிற மாதிரி சொன்னார்.

மதினி பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சந்தோசத்தைக் காட்டிக்கொள்ளாத முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"இனிமே நீங்க நில்லுங்க தம்பி," என்றார்.

நான் போய் நின்றேன்.